உறுதி முடிக்குமுன்

மாடு வாங்கப் போகிற கமக்காரன் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பான். சுழி பார்ப்பான். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பான். விதை நெல் வாங்கினாலும் ஒரு பிடி அள்ளி ஊதிப் பதர் பார்க்காமல் மூடையைத் தூக்க மாட்டான். இத்தனை கவனமுள்ள எமது மக்கள், வாழ்நாளில் ஒரு தடவை மட்டும் வாங்கப்போகும் வீட்டுக் காணி விடயத்தில், காட்டப்பட்ட இடத்தில் கையொப்பத்தை வைத்துவிட்டு வருகிறார்கள் என்பது எமக்கு நீண்டகாலமாகவே வியப்பையும் வேதனையையும் தருகின்றது.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் இன்று ஏன் வீட்டுக் காணி தேடுகின்றன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்தும் சம்பூரிலிருந்தும் ஓடிய குடும்பங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இருந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது பலர் திரும்பினர். ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. பிள்ளைகளின் படிப்பு நகரை அண்டியதாகிவிட்டது. சிலரது வயலைக் காடு மூடிவிட்டது. இன்னும் சிலருக்கு 1990இலேயே விட்டுவந்த ஊர் இன்று பெயரளவில்தான் ஊர். ஆதலால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கன்னியாப் பக்கத்திலோ பத்துப் பதினைந்து பேர்ச் காணி, முடிந்தால் ஓர் அரைகுறை வீட்டோடு, வாங்கிவிட வேண்டுமென்று தாய்மாரின் நகையையும் வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசையும் ஒன்றுசேர்க்கிறார்கள். அந்தக் காசு ஒருமுறை போனால் மறுமுறை சேராது.

எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரு பொலித்தீன் பையில் கடதாசிகளைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு சத்தியக் கடதாசி, ஒரு சமாதான நீதவானின் முத்திரை, விற்றவரின் கையொப்பம், இரண்டு சாட்சிகளின் கையொப்பம் எல்லாம் இருந்தன. முழுப் பணமும் கொடுத்தாயிற்று. அத்திவாரமும் வெட்டியாயிற்று. "எங்களிட்ட எழுத்து இருக்குத்தானே ஐயா" என்று அந்த மனைவி கேட்டார். எழுத்து இருந்தது, உரிமைதான் இருக்கவில்லை. அந்தக் காணி அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. விற்றவருக்கு அதை விற்கும் அதிகாரமே கிடையாது. இருந்திருந்தாலும்கூட சமாதான நீதவானின் முத்திரையால் காணி கைமாறாது.

இது நேற்று வந்த சட்டமல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணியை விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும், பிறகு விற்பதாக வாக்குக் கொடுத்து முற்பணம் பெறும் உடன்படிக்கையானாலும், அது எழுத்தில், நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே முன்னிலையில் இருக்கக் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிடின் சட்டத்தின் கண்ணில் அது வெறும் கடதாசி. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம், காணியைக் கேட்க முடியாது. முற்பணம் கொடுப்பதற்கு ஒரு கைத்துண்டு போதும் என்று நினைப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஏமாற்றங்கள் உறுதி எழுதும் நாளில் நடப்பதில்லை. அதற்கு மூன்று மாதம் முன்னர், முற்பணம் கைமாறும் மாலைப்பொழுதில் நடந்துவிடுகின்றன.

சரி, நொத்தாரிசிடமே போகிறோம், பிறகென்ன பயம் என்று கேட்பீர்கள். இங்குதான் எமது மக்களிடையே ஆழமாக ஊறிய ஒரு பிழையான எண்ணம் இருக்கின்றது. நொத்தாரிசு உறுதியை எழுதுகிறார், ஆட்களை அடையாளம் காண்கிறார், வாசித்துக் காட்டுகிறார், கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்துகிறார். விற்பவருக்கு அந்தக் காணியில் உண்மையான உரிமை உண்டென்று அவர் உங்களுக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஓர் உறுதியால் விற்பவரிடம் என்ன உரிமை உண்டோ அது மாத்திரமே உங்களுக்கு வரும். அவரிடம் பாதிப் பங்கு இருந்தால் பாதிப் பங்குதான். ஒன்றுமில்லையென்றால், எவ்வளவு அழகாக எழுதப்பட்ட உறுதியென்றாலும் ஒன்றுமில்லைதான். அத்தோடு, பெரும்பாலும் நடப்பது என்ன? தரகர் ஒருவர் விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றித் தனக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் கொண்டுபோகிறார். பதிவகத்தில் தேடிப் பார்க்கத் தேவையில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஒரு வரியும் சிலவேளை கடதாசிகளுக்கிடையே இருக்கும். அதிலும் நீங்கள் கையொப்பமிட்டிருப்பீர்கள்.

ஆகவே நாம் வலியுறுத்துவது இதுதான்: உங்கள் பக்கம் நின்று, உங்களுக்காக மாத்திரம் அந்தக் கடதாசிகளைப் பார்க்கும் ஒரு சட்டத்தரணி வேண்டும். அவரிடம் நீங்கள் போக வேண்டியது ஒரு சதமேனும் கொடுப்பதற்கு முன்னர்.

எமது மாவட்டத்தில் இதன் தேவை வேறு இடங்களைவிட அதிகம். காரணம், இங்கே காணி என்பது ஒரு சாதி அல்ல. கந்தளாய், அல்லை, முதலிக்குளம் ஆகிய குடியேற்றத் திட்டங்களில் காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் என்பது காணியில் இருக்கவும் பயிரிடவும் தரப்பட்ட உத்தரவு. அதை விற்க முடியாது. அதன்பின் வரும் அளிப்புப் பத்திரம், மக்கள் கிராண்ட் என்று சொல்வது, சுவர்ணபூமி ஜெயபூமி என்ற பெயர்களிலும் கொடுக்கப்பட்டது. அதைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற்றுத்தான் கைமாற்றலாம். அந்த அனுமதி இல்லாத உறுதி செல்லாது. 2024இல் 'உறுமய' திட்டத்தின் கீழ் சிலருக்கு முழு உரிமையோடு உறுதிகள் வழங்கப்பட்டன. அதை வைத்து "இப்ப எல்லாம் விற்கலாம்" என்று ஒரு பேச்சு ஊர்களில் உலவுகிறது. விண்ணப்பித்தவர் வேறு, உறுதியைக் கையில் பெற்றவர் வேறு. கையிலிருப்பது எது என்று படித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் காணிகளில் விதவைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். கணவன் இறந்தபின் மனைவி அந்தக் காணியில் தன் சீவியகாலம் முழுவதும் இருக்கலாம், அனுபவிக்கலாம். விற்கும் அதிகாரம் பொதுவாக அவருக்கு இல்லை, பின்னுரித்தாளிக்கே காணி போகும். வறுமையில் அந்தத் தாய் விற்கிறார். இரக்கப்பட்டு நீங்களும் வாங்குகிறீர்கள். பத்து ஆண்டின் பின் மகன் வந்து கேட்கும்போது இரண்டு ஏழைக் குடும்பங்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கின்றன. இதைவிடத் துயரமான வழக்கை நாம் கண்டதில்லை.

துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதிக்கு வருவோம். 1984ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தல் மூலம் அங்கே ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இலங்கைத் துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்டது. அந்த நிலத்துக்குள் மனிதர் இருந்தார்கள், குளங்கள் இருந்தன, வயல்கள் இருந்தன. முத்துநகர் விவசாயிகள் ஐம்பது ஆண்டுகளாகத் தாம் விதைத்து அறுத்த வயல்கள் சூரிய மின்சக்தித் திட்டங்களுக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து 2025இல் மாவட்டச் செயலகத்தின் முன்னால் அமர்ந்து போராடியதை நாம் எல்லோரும் கண்டோம். அவர்களது நியாயத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. உழுதவனுக்கு நிலத்தில் ஓர் உரிமை உண்டென்பதே எமது நிலைப்பாடு. ஆனால் அந்த நியாயம் கடதாசியில் ஏறியிருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு நிலத்தில் வீட்டுத்துண்டொன்றை உங்களுக்கு ஒருவர் விற்க வந்தால், அவரது போராட்டத்துக்கு ஆதரவு கொடுங்கள், அவரது துண்டை வாங்க வேண்டாம்.

"நாங்கள் பத்து வருசத்துக்கு மேல் இருக்கிறம், காணி எங்களுக்குத்தான்" என்பது விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராக, தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். அது அரசுக்கு எதிராகச் செல்லாது. நாற்பது ஆண்டு இருந்தாலும் செல்லாது. காட்டு நிலமும் பயிரிடாத நிலமும் வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை அரச நிலமென்றே கொள்ளப்படும் என்று அதே 1840இல் வெள்ளைக்காரன் இன்னொரு கட்டளைச் சட்டமும் போட்டுவைத்தான். போனவன் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச காணியிலிருந்து ஒருவரை வெளியேற்ற நீதவான் நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று, உம்மிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உண்டா என்பது. நீங்கள் எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்பது அங்கே கேள்வியல்ல. கரையோரமென்றால் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், காட்டோரமென்றால் வனத் திணைக்களம், பழைய கல்லும் தூணும் கிடந்தால் தொல்பொருள் திணைக்களம் என்று கேட்டுப் பார்க்க வேண்டிய கதவுகள் இன்னும் பல.

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். நீங்கள் வாங்கும் காணி உங்களைப்போல் ஓடிப்போன இன்னொருவருடையதாக இருக்கலாம். 1985இலும் 1990இலும் 2006இலும் இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வெவ்வேறு வேளைகளில் ஓடினார்கள். ஓடியவரின் வீட்டில் வேறொருவர் குடியேறினார். குடியேறியவர் இன்று விற்கிறார். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தமது காணிக்கு வரமுடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சிக்காலமாகக் கணக்கெடுக்க முடியாதென்று சொன்னது. வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டு ஆண்டுகளே. எமது மக்களில் எத்தனை பேர் அதை அந்த இரண்டு ஆண்டுக்குள் கேள்விப்பட்டார்கள்? இந்தச் சட்டம் உங்கள் காணியையோ நீங்கள் வாங்கவிருக்கும் காணியையோ எவ்வாறு தொடுகிறது என்பதைச் சட்டத்தரணியே சொல்ல வேண்டும். எமது கருத்து ஒன்றுண்டு, அதற்குச் சட்டம் தேவையில்லை: தான் ஓடியபோது தன் வீட்டில் யாரோ இருந்ததை எண்ணி இரவில் தூங்காதிருந்தவர், இன்னொருவர் விட்டுப்போன வீட்டை மலிவு விலைக்கு வாங்கலாகாது.

உரிமையாளர் கனடாவிலோ சுவிசிலோ இருக்க, தம்பியோ மைத்துனரோ அற்றோனித் தத்துவம் வைத்து விற்பதும் நகரத்தில் சாதாரணமாகிவிட்டது. அந்தத் தத்துவத்தைப் படித்துப் பாருங்கள். வாடகை வாங்கக் கொடுத்த அதிகாரத்தை வைத்துக் காணியை விற்க முடியாது. அதைக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அதுவும் அவரோடு முடிந்துவிடுகிறது. உயிரோடிருக்கிறாரா என்று தொலைபேசியில் அவர் குரலைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? காணாமற்போனவர்களின் பெயரில் உள்ள காணி இன்னும் சிக்கலானது. 2016 முதல் அக்குடும்பங்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழியுண்டு. அதைக்கொண்டு மாத்திரம் அந்தக் காணியை ஒருவர் விற்றுவிடலாமா என்பது பொறுமையாகப் பார்க்க வேண்டிய விடயம்.

இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது? திருகோணமலைக் காணிப் பதிவகத்தில். மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் இருந்து வந்த எமது சகோதரர்களுக்கு அங்கே 'வில்லங்கச் சான்றிதழ்' என்று ஒன்று இருப்பது நினைவிருக்கும். காணிமீது கடனோ வழக்கோ உண்டா என்று பதிவேட்டைப் பார்த்துத் தருவது. இங்கேயும் ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றது, நன்கொடை கொடுத்தது, வங்கிக்கு ஈடு வைத்தது, பங்குபிரிப்பு வழக்குப் போட்டது எல்லாம் அதில் ஏறும். சிறு கட்டணத்துக்கு அதைத் தேடலாம், பிரதி எடுக்கலாம். பங்குபிரிப்பு வழக்கு நடக்கும் காணியில் பங்கை வாங்குவது, வெள்ளம் வரும் வாய்க்காலில் நாற்று நடுவது போன்றது. பதிவேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. தாய் உறுதியிலிருந்து இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பழைய பக்கங்களையும் புரட்ட வேண்டும். அது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். நில அளவையாளரின் வரைபடத்தைக் காணியில் வைத்து எல்லைக்கல்லையும் பாதையையும் பார்ப்பதை நீங்களே செய்யலாம். வேலி விடயத்தில் உங்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

உறுதி முடிந்தபின் ஒரு வேலை பாக்கியுண்டு, அதைப் பலர் மறக்கிறார்கள். நொத்தாரிசு மாதந்தோறும் உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். அது உங்கள் உறுதி பதியப்பட்டதாகாது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, அதே காணியை அதே ஆள் பிறகு இன்னொருவருக்கு விற்று, அவர் உங்களுக்கு முந்திப் பதிந்துகொண்டால், சூதில்லாதவிடத்து அவரே மேல். நீங்கள் முதலில் வாங்கியவர் என்பது உதவாது. உறுதியை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் பதிவை மறந்தவர்கள் எமது மாவட்டத்தில் குறைவல்ல.

விலையைப் பற்றியும் ஒரு சொல். முத்திரை வரியைக் குறைப்பதற்காக இருபது இலட்சத்துக்கு வாங்கி எட்டு இலட்சமென்று எழுதுகிறார்கள். நாளை அந்த உறுதி பிழைத்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் உறுதி எட்டு இலட்சம் என்றே பேசும். மொழியும் அப்படித்தான். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய உறுதியைத் தமிழில் வரிக்கு வரி வாசித்து விளக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். விளங்கவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. இன்னுமொன்று, மனைவியின் தாலிக்கொடியை விற்று வாங்கிய காணியில் கணவனின் பெயர் மட்டும் ஏறுவது எந்த நியாயம்? இருவர் பெயரிலும் எழுதலாமா என்று அந்தச் சட்டத்தரணியிடமே கேளுங்கள். கேட்கும் ஆண்கள் மிகக் குறைவு என்பது எமது அனுபவம்.

எமது மக்கள் சட்டத்தரணியிடம் போகத் தயங்குவதற்கு ஏழ்மை மட்டும் காரணமல்ல. "கடதாசி கேட்டால் அவர் என்ன நினைப்பார்" என்ற கூச்சமே பெரிது. ஒரே ஊர், ஒரே கோயில், முகாமில் அடுத்தடுத்த கொட்டில். நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிடுவார் என்று பயம். நாணயமானவர் கடதாசியைக் காட்டக் கோபிப்பதில்லை. கோபிப்பவர் ஏன் கோபிக்கிறார் என்று ஓர் இரவு யோசிப்பது நல்லது. அவசரமும் அப்படியே. "நாளைக்குக் கொழும்பு ஆள் வருது, இண்டைக்கே முற்பணம் தாங்கோ" என்று சொல்லப்படும் காணி, கொழும்பு ஆளுக்கே போகட்டும்.

எம்மையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. வீடமைப்பு உதவி கொடுத்த நாமும் எம்மைப்போன்ற நிறுவனங்களும் ஓர் உறுதிப் பிரதியைக் கோவையில் கோர்த்துக்கொண்டு கல்லும் சீமெந்தும் இறக்கினோம். அந்தப் பிரதி என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. கட்டி முடித்த வீட்டின் முன்னால் படம் எடுத்தோம். அந்த வீடுகளில் சிலவற்றில் இன்று வழக்கு. வீட்டுக்கு உதவுகின்ற ஒவ்வொரு நிறுவனமும், முதல் மூடை சீமெந்துக்கு முன்னர் சட்டத்தரணியின் கட்டணத்தைக் கொடுக்க வேண்டுமென்று நாம் கேட்கிறோம். அதை எமது திட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அதன் நிலையமொன்று திருகோணமலையிலும் உண்டு. ஆலோசனை கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. போகும்போது விற்பவரின் உறுதியின் பிரதி, கிடைத்தால் தாய் உறுதி, வரைபடம், ஆதனவரி கட்டிய துண்டு, அனுமதிப்பத்திரக் காணியென்றால் அதன் இலக்கம், விற்பவரின் தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றும் தரமாட்டேன் என்று அவர் சொன்னால் காணியின் பெயரையும் எல்லைகளையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். முற்பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.